பாயும் நாற்காலியும்

ஒரு நாட்டு மக்கள் எவ்வாறு உடுக்கின்றனர் என்பதை ஆராயப் புகுவோர், முதற்கண் அவர்கள் எதன்மேல் அமர்கின்றனர் என்பதை நோக்குதல் வேண்டும். உடைக்கும் இருக்கைக்கும் யாது தொடர்பு எனச் சிலர் வினவலாம். தட்பவெப்பநிலையும் செல்வமும் சமயமும் வாணிகமும் உடையை மாற்றும் என்பது யாவரும் அறிந்தது. வீட்டின் தரையும் அறையினுள் புகும் ஒளியும் உடையை உருவாக்கும் என்பதோ அவ்வளவு எளிதிற் புலப்படுவதன்று. வீடும் உடையும் பல நூற்றாண்டுகள் ஒன்றோடொன்று இணங்கி வாழ்ந்துவிட்டால், அவற்றின் இணக்கம் கண்ணுக்குத் தெரியாமற் போகின்றது. ஒரு நாட்டார் தம் கட்டடங்களைத் திடுமென மாற்ற முற்படும் காலத்திலேதான் அது வெளிப்படுகின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜப்பான் நாட்டில் அத்தகைய மாற்றம் நிகழ்ந்தது.

பழைய ஜப்பானிய இல்லம் பெரும்பாலும் மரத்தால் ஆகியது. நிலத்திற்குச் சற்று மேலே பலகைத் தளம் அமைத்து, அதன்மீது பாய் பரப்புவர். அப்பாய்க்குத் தத்தாமி என்று பெயர். வைக்கோலை அடுக்கி அழுத்தித் தைத்து, மெத்தை போல் தடிப்பாக்கி, அதன்மேல் கோரையை ஒத்த ஒருவகைப் புல்லால் நெய்த விரிப்பைப் போர்த்தி, நீண்ட பக்கங்களில் துணிக்கரை வைத்துத் தைப்பர். ஒரு பாய் ஏறத்தாழ 180 சென்டிமீட்டர் நீளமும் 90 சென்டிமீட்டர் அகலமும் உடையது. இவ்வளவு ஊர்தோறும் சிறிது வேறுபடும். தொடக்கத்தில் இப்பாயைப் பலகைத் தரையில் பெருமக்கள் அமரும் இடத்தில் மட்டுமே இட்டனர். முரோமாச்சிக் காலம் எனப்படும் 1336 முதல் 1573 வரையிலான காலத்தில், அஃது அறை முழுவதையும் நிரப்பும் தரையாகவே ஆகிவிட்டது. அதன் பின்னர் அறையின் அளவையே பாய்க்கணக்கிற் கூறலாயினர். ஆறு பாய் அறை, எட்டுப் பாய் அறை என்று சொல்லுதல் அந்நாட்டில் இன்றும் வழக்கு.

இவ்வறையில் கட்டில் இல்லை, நாற்காலியும் இல்லை. இரவில் மெத்தையை விரித்து உறங்குவர். காலையில் அதனை மடித்துச் சுவரறையில் வைப்பர். உறங்கிய இடத்திலேயே குட்டையான கால்களையுடைய உணவுத்தட்டைக் கொணர்ந்து வைத்து உண்பர். விருந்தினரையும் அங்கேயே வரவேற்பர். பக்கவாட்டில் நகரும் கதவுகளே அறைக்கும் அறைக்கும் இடையே சுவராக நிற்கும். வாயிலில் தாழ்ந்த இடம் ஒன்று உண்டு. காலணியை அங்கே கழற்றிவிட்டே தளத்தின்மேல் ஏறுதல் வேண்டும். செருப்பைத் திண்ணையடியில் விட்டு உட்புகும் வழக்கமுடைய தமிழ்நாட்டார்க்கு இது புதிதன்று. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. தமிழகத்து வீட்டின் தரையைக் கழுவலாம், சாணமிட்டு மெழுகலாம். புல்லால் ஆகிய தத்தாமியைக் கழுவ இயலாது. ஆதலின் அங்கே காலணியைக் கழற்றுதல் மரியாதை மட்டுமன்று. வீட்டைக் காக்கும் வழியும் ஆயிற்று.

இனி, இவ்வீட்டில் வாழ்ந்தோரின் உடையை நோக்குவோம். கிமோனோ என்னும் நீண்ட அங்கி, ஏறத்தாழ 36 சென்டிமீட்டர் அகலமும் 12 மீட்டர் நீளமும் உள்ள ஒரே துணிச்சுருளிலிருந்து நேர்கோடுகளாக வெட்டித் தைக்கப்படுவது. அதில் உடலின் வளைவிற்கேற்ற வெட்டு எதுவும் இல்லை. தையலைப் பிரித்தால் மீண்டும் நீண்ட துண்டுகளாகிவிடும். அவ்வாறு பிரித்துத் துவைத்து, மறுபடியும் தைத்து உடுத்தனர். மடித்தால் தட்டையாக மடியும். இழுப்பறைப் பெட்டியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம். தட்டுமுட்டுப் பொருள் மிகுதியாக இல்லாத வீட்டிற்கு இதனினும் ஏற்ற உடை வேறு யாது?

கிமோனோவின் முன்பக்கம் திறந்தது. இடப்புறத்தை வலப்புறத்தின்மேல் மடித்துப் போர்த்தி, இடையில் கச்சை கட்டுவர். பாயின்மேல் இரு முழந்தாள்களையும் மடக்கிக் குதிகால்களின்மேல் அமரும்பொழுது, அதாவது வச்சிராசனம் போன்ற நிலையில் அமரும்பொழுது, அம்மடிப்பு விலகாது. கால்களை முற்றும் மூடி நிற்கும். நிற்கும் நிலையைவிட அமர்ந்த நிலையிலேயே அவ்வுடை அழகு மிகுந்து தோன்றும் என்பர். பெண்டிர் கட்டும் ஓபி என்னும் அகன்ற கச்சையோ, முதுகுப்புறத்தில் பெரிய முடிச்சாகப் புடைத்து நிற்கும். பாயில் அமர்வோர்க்குச் சாய்மானம் இல்லை. ஆதலின் முதுகில் எத்துணைப் பெரிய முடிச்சு இருப்பினும் இடையூறு இல்லை. அம்முடிச்சு வகைகளுள் ஒன்றற்குக் கட்டடமே பெயர் தந்தது என்றும் கூறுவர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இன்று தோக்கியோ எனப்படும் ஏடோ நகரின் கமெய்தோக் கோயிலில் முரசின் வளைவு போன்று வளைந்த பாலம் ஒன்று புதுப்பிக்கப்பட்டதாம். அதன் திறப்பு விழாவிற்குச் சென்ற ஆடல்மகளிர் தம் கச்சையை அப்பாலத்தின் வடிவில் கட்டிச் சென்றனராம். முரசு முடிச்சு என்னும் பெயரோடு அவ்வகைக் கட்டு இன்றும் வழங்குகின்றது.

வீட்டுத்தரை தூயதாக இருந்தமையால் மற்றொரு வழக்கமும் தோன்றியது. ஏடோக் காலத்து வசதியுள்ள பெண்டிர் வீட்டினுள் நடக்கும்பொழுது கிமோனோவின் கீழ்விளிம்பு பாயின்மேல் புரளுமாறு விட்டு நடந்தனர். வெளியே செல்லும்பொழுது மட்டும் அதனைத் தூக்கிக் கட்டிக்கொண்டனர். புழுதி படிந்த தரையுள்ள வீட்டில் இவ்வழகு தோன்றியிருத்தல் இயலாது. காலுக்குரியவையும் இவ்வாறே அமைந்தன. வாயிலில் நாள்தோறும் பன்முறை கழற்றவும் மாட்டவும் வேண்டியிருந்தமையால், விரலிடையில் வார் கோத்த மிதியடிகளே வழக்கில் இருந்தன. அவ்வாருக்கு இடம்விட்டுப் பெருவிரலைத் தனியே பிரித்துத் தைத்த வெண்ணிறக் காலுறையை உள்ளே அணிந்தனர்.

ஒளியும் உடைக்கு ஒரு காரணம் ஆயிற்று. அவ்வீடுகளின் இறவாரம் நெடுந்தூரம் நீண்டு தாழ்ந்திருக்கும். வெயில் நேரே உள்ளே புகாது. வெளிமுற்றத்திலிருந்து மெல்லொளியாகத் தாளொட்டிய கதவுகளின் வழியே வடிந்து வரும். அம்மங்கலான அறையில், பட்டில் இழைத்த பொன்னிழைகள் கண்ணைக் கூசச் செய்யாமல் உள்ளிருந்து ஒளிர்வனபோல் தோன்றின. பெண்டிர் முகத்தில் வெண்பூச்சுப் பூசியதும், மணமானோர் பற்களைக் கருமையாக்கிக்கொண்டதும் இந்நிழலில் பார்ப்பதற்கென்றே அமைந்தவை என்று தானிசாக்கி ஜூன்இச்சிரோ என்னும் எழுத்தாளர் 1933-இல் எழுதத் தொடங்கிய கட்டுரையில் விளக்கியுள்ளார். அதே வெண்பூச்சையும் கரும்பற்களையும் பெரிய சாளரங்களும் விளக்குகளும் நிறைந்த மேனாட்டு மண்டபத்தில் கண்டவர்கள் மருண்டனர். அழகு குறைந்துவிடவில்லை, அறை மாறிவிட்டது.

அறை எவ்வாறு மாறியது? 1853-இல் அமெரிக்கக் கப்பற்படைத் தலைவர் பெரி போர்க்கப்பல்களுடன் வந்து ஜப்பானின் வாயிலைத் தட்டினார். 1858-இல் அமெரிக்கா, ஆலந்து, உருசியா, இங்கிலாந்து, பிரான்சு ஆகிய 5 நாடுகளுடன் ஜப்பான் உடன்படிக்கைகள் செய்துகொள்ள நேர்ந்தது. அவை சமமான உடன்படிக்கைகள் அல்ல. ஜப்பானிய மண்ணில் குற்றம் செய்த வெளிநாட்டாரை அவ்வவர் நாட்டுத் தூதுவரே விசாரிப்பர். ஜப்பானிய வழக்குமன்றத்திற்கு அவ்வுரிமை இல்லை. தன் துறைமுகத்தில் இறங்கும் பொருளுக்குத் தான் விரும்பியவாறு சுங்கவரி விதிக்கவும் ஜப்பானால் இயலவில்லை. 1868-இல் மெய்ஜிப் பேரரசரின் ஆட்சி நிறுவப்பட்ட பின்பு, இக்கட்டுகளை அறுப்பதே புதிய அரசின் பெருங்கவலை ஆயிற்று. மேனாட்டாரை நாகரிகத்தில் ஒத்தவர் எனத் தம்மைக் காட்டினாலன்றி அவர்கள் இணங்கார் என அமைச்சர்கள் எண்ணினர். நாகரிகத்தைக் காட்ட முதலில் கண்ணுக்குத் தெரிவன கட்டடமும் உடையும் அல்லவா?

1872-இல் எடுக்கப்பட்ட ஒரு புகைப்படம் அக்காலத்து நிலையை நன்கு காட்டுகின்றது. உடன்படிக்கைகளைத் திருத்துவது குறித்துப் பேசவும் மேனாடுகளைக் கண்டு கற்கவும் அனுப்பப்பட்ட தூதுக்குழு, சான் பிரான்சிஸ்கோ நகரில் எடுத்துக்கொண்ட படம் அது. குழுவின் தலைவர் இவாக்குரா தொமொமி நடுவே நாற்காலியில் அமர்ந்திருக்கின்றார். உச்சியில் பழைய குடுமி, உடலில் கிமோனோ, காலிலோ மேனாட்டுத் தோற்காலணி. சூழ இருக்கும் நால்வரும் மேனாட்டு உடையில் காணப்படுகின்றனர். அப்பயணத்திலேயே இவாக்குராவும் குடுமியைக் களைந்துவிட்டார். அவ்வாண்டின் இறுதியில், அரசு அலுவலர்க்குரிய சடங்குடை மேனாட்டு முறையிலேயே அமைதல் வேண்டும் என்று அரசாணை பிறந்தது.

ஆடவரின் உடைமாற்றம் பெரும் எதிர்ப்பின்றி நிகழ்ந்தது. அரசு அலுவலகங்களிலும் படைவீட்டிலும் மேசையும் நாற்காலியும் வந்துவிட்டன. அங்கே காலணியுடன் நடக்கலாயினர். நாற்காலியில் கால் தொங்க அமர்ந்து எழுதுவோர்க்குக் காற்சட்டை ஏற்றதாகவே இருந்தது. ஆயின் புதிய இடங்கள் எல்லார்க்கும் உடனே விளங்கிவிடவில்லை. 1872-இல் தோக்கியோவின் ஷிம்பாசிக்கும் யோக்கொஹாமாவிற்கும் இடையே முதல் இருப்புப்பாதை திறக்கப்பட்டபொழுது, பயணிகள் சிலர் புகைவண்டிப் பெட்டியை வீடெனக் கருதி, மிதியடிகளை நடைமேடையிலேயே கழற்றிவிட்டு ஏறினர் என்றும், இறங்கிய ஊரில் அவற்றைத் தேடித் திகைத்தனர் என்றும் ஒரு கதை வழங்குகின்றது. நகைப்பிற்குரிய கதையே எனினும், அவர்கள் செய்ததில் பிழை என்ன? பலகைத் தளத்தின்மேல் ஏறும்போது காலணியைக் கழற்றுதல் வேண்டும் என்றே அவர்தம் கால்கள் அறிந்திருந்தன.

பெண்டிரின் உடைக்குச் சோதனை வந்தது ஒரு கட்டடத்தின் வடிவில். வெளியுறவு அமைச்சர் இனோவே கவோரு, வெளிநாட்டுத் தூதுவரை விருந்தளித்து மகிழ்விக்கத் தலைநகரில் ஒரு மாளிகை எழுப்பத் திட்டமிட்டார். அதனை வரைந்தவர் ஜோசையா காண்டர் என்னும் ஆங்கிலேயர். இவர் 1877-இல் ஜப்பானுக்கு வந்து, அரசுப் பொறியியல் கல்லூரியில் கட்டடக்கலை கற்பித்தவர். அந்நாட்டின் முதல் தலைமுறைக் கட்டடக் கலைஞர்கள் இவரிடம் பயின்றோரே. செங்கல்லால் ஆகிய அவ்விரண்டடுக்கு மாளிகை 1883 நவம்பர் 28-ஆம் நாள் திறக்கப்பட்டது. அதன் பெயர் ரொக்குமெய்கான். மான் அழைக்கும் மாளிகை என்பது பொருள். விருந்தினரை ஓம்புதலைப் பாடும் பழைய சீனப்பாட்டு ஒன்றிலிருந்து அப்பெயரை எடுத்தனர். பெயர் கீழ்நாட்டது; மற்றவை யாவும் மேனாட்டவை. உணவு மண்டபமும் மேசைப்பந்தாட்ட அறையும் தங்கும் அறைகளும் அங்கு இருந்தன. மேல்மாடியில் பரந்த நடன மண்டபம் ஒன்று மெருகேற்றிய மரத்தளத்துடன் விளங்கியது.

அம்மண்டபத்தில் பாய் இல்லை. கீழே அமர இடம் இல்லை. ஆணும் பெண்ணும் இணையாக நின்று, காலணியுடன் சுழன்று ஆடுவதற்கே அது கட்டப்பட்டது. கிமோனோ அங்கே என் செய்யும்? குறுகிய கீழ்விளிம்பு சிற்றடி வைக்கவே இடந்தரும். எட்டி அடிவைத்தால் முன்மடிப்பு விலகும். நீண்ட கைகள் பிறர்மேற் படும். முதுகிலுள்ள முடிச்சு, ஆடலின் துணைவர் கைவைக்கும் இடத்தையே மறைக்கும். இளைப்பாற நாற்காலியில் சாய்ந்தாலோ நசுங்கும். ஆகவே அமைச்சர்களின் மனைவியரும் மகளிரும் ஐரோப்பிய உடைக்கு மாற வேண்டியவர் ஆயினர். அக்காலத்து ஐரோப்பிய உடையோ எளியதன்று. எஃகுப் பட்டைகளும் திமிங்கில வாயிலிருந்து எடுக்கும் வளையும் தகடுகளும் வைத்துத் தைத்த கச்சால் இடையை இறுக்கிக் கட்டுவர். பாவாடையைப் பின்புறத்தில் ஒரு கூட்டின்மேல் தூக்கி நிறுத்துவர். அக்கூடு வைத்த பாவாடையுடன் பாயில் மண்டியிட்டு அமர்ந்து எழுதல் பெரும்பாடு. வீட்டில் கிமோனோ, விருந்தில் கச்சு என்று ஒரே நாளில் இருவேறு உடல்களைத் தாங்கினர் அம்மகளிர்.

அவர்களுள் ஓயாமா சுத்தெமாட்சு என்பாரைத் தனித்துக் குறிப்பிடுதல் தகும். இளஞ்சிறுமியாக அமெரிக்காவிற்கு அனுப்பப்பட்டு, 1882-இல் வாசர் கல்லூரியில் பட்டம் பெற்று மீண்டவர் இவர். படைத்தலைவர் ஓயாமாவை மணந்தபின், மேனாட்டு உடையிலும் நடையிலும் பிற மகளிர்க்கு வழிகாட்டியாக விளங்கினார். நடனத்திற்கென எழுந்த அம்மாளிகையை அவர் வேறொரு நற்பணிக்கும் பயன்படுத்தினார். 1884-இல் உயர்குடிப் பெண்டிரைக் கூட்டி, அங்கே கைவினைப் பொருள் விற்பனை ஒன்றை நடத்தி, ஈட்டிய பணத்தைச் செவிலியர் பள்ளிக்கு அளித்தார். ரொக்குமெய்கானில் நிகழ்ந்தவற்றுள் மிகப் பயனுடையது அதுவே எனலாம்.

இத்துணை முயன்றும் மேனாட்டார் மதித்தனரா? 1885-இல் அங்கு நடந்த நடன விருந்திற்கு வந்த பிரெஞ்சு எழுத்தாளர் பியர் லோத்தி, தம் நாட்டு நீராடல் ஊர்களில் உள்ள கேளிக்கைக் கூடம் போன்றது இம்மாளிகை என்று எள்ளி எழுதினார். ஜப்பானில் பணியாற்றிய செருமானிய மருத்துவர் எர்வின் பெல்ட்ஸ், இறுகிய கச்சு பெண்டிரின் உடல்நலத்திற்குத் தீங்கு என்று முதலமைச்சர் இத்தோ ஹிரோபுமியிடம் எடுத்துரைத்தார். அதற்கு இத்தோ அளித்த மறுமொழியைப் பெல்ட்ஸ் தம் நாட்குறிப்பில் பதிந்துள்ளார். அரசியலின் தேவையை மருத்துவர் அறியார் என்றும், கிமோனோ உடுத்து வரும் ஜப்பானியப் பெண்ணை மேனாட்டார் மனிதராகக் கருதாமல் பொம்மையாகவே நோக்குகின்றனர் என்றும் கூறுவது அம்மறுமொழியின் கருத்து. உடையில் இவ்வளவு துயரம் அடங்கியிருந்தது.

1886-இல் பேரரசியும் மேனாட்டு உடையில் வெளித்தோன்றினார். அடுத்த ஆண்டு, 1887 சனவரி 17-ஆம் நாள், பெண்டிர் உடை பற்றிய தம் கருத்தை அறிக்கையாக வெளியிட்டார். அதில் அவர் காட்டிய காரணம் கருதத்தக்கது. மேனாட்டு உடை புதியது, ஆதலின் நன்று என்று அவர் கூறவில்லை. பண்டை ஜப்பானில் பெண்டிர் மேலாடையும் கீழாடையுமாக இரண்டு உடுத்தனர். பிற்காலத்துக் குழப்பங்களில் கீழாடை மறைந்தது என்றார். அமர்ந்து வணங்குதல் மட்டும் இனிப் போதாது. நானிவாவில் அரசவை இருந்த பழங்காலத்தைப் போல நின்று வணங்கும் முறையும் மீண்டும் வேண்டும். மேலாடையும் கீழாடையும் பிரிந்த மேனாட்டு உடை நின்று வணங்குதற்கும் நடமாட்டத்திற்கும் ஏற்றது என்று எடுத்துக்காட்டினார். அவ்வுடையைத் தைக்க உள்நாட்டுத் துணியையே கொள்ளுமாறும் வேண்டினார். பாயில் அமர்ந்து வணங்கும் அறைக்கு ஓர் உடை, தளத்தில் நின்று வணங்கும் அவைக்கு வேறோர் உடை என்பதை இதனினும் தெளிவாக உரைத்தல் அரிது.

எனினும், அதே 1887-இல் இனோவேயின் உடன்படிக்கைப் பேச்சு முறிந்தது. வெளிநாட்டு நடுவர்களை ஜப்பானிய மன்றங்களில் அமர்த்த அவர் இசைந்தது மக்களின் சினத்தைக் கிளறியது. நடனக் களியாட்டங்களும் பழிப்புக்கு உள்ளாயின. இனோவே பதவி விலகினார். மான் அழைக்கும் மாளிகையின் புகழ் மங்கியது. பின்னர் அது பிரபுக்களின் கழகத்திற்கு உரியதாயிற்று, 1941-இல் இடிக்கப்பட்டது. 1894-இல் இங்கிலாந்துடன் செய்த புதிய உடன்படிக்கை வழக்குமன்ற உரிமையை மீட்டுத் தந்தது; அது நடைமுறைக்கு வந்தது 1899-இல். சுங்கவரி உரிமை முழுமையாகக் கிடைத்தது 1911-இல். இவற்றைப் பெற்றுத் தந்தவை சட்டச் சீர்திருத்தமும் நாட்டின் வளர்ந்த வலிமையுமே, பாவாடைக்கூடு அன்று.

செல்வர்கள் இச்சிக்கலுக்கு ஒரு வழி கண்டனர். ஒரே வளாகத்தில் இரு வீடுகள் கட்டிக்கொண்டனர். காண்டரே வரைந்து 1896-இல் கட்டி முடிக்கப்பட்ட இவாசாக்கிக் குடும்பத்து மாளிகை இதற்கு நல்ல சான்று. விருந்தினர்க்கு மேனாட்டு மனை. குடும்பத்தார் வாழ்வதற்குப் பாய் விரித்த ஜப்பானிய மனை. இரண்டும் ஒன்றோடொன்று இணைந்திருந்தன. ஒன்றிலிருந்து மற்றொன்றிற்குச் செல்வோர் காலணியையும் அமரும் முறையையும் மாற்றிக்கொள்ள வேண்டியவர் ஆயினர். தோக்கியோவில் அம்மாளிகையின் ஒரு பகுதி இன்றும் பொதுமக்கள் காணத்தக்கதாக உள்ளது.

நடன மண்டபத்தால் இயலாததைப் பள்ளி அறை ஓசையின்றிச் செய்தது. 1872-இல் புதிய கல்விச் சட்டம் வந்தபின் எழுந்த பள்ளிகளில், மாணவியர் பாயில் அன்று, பலகையிலும் நாற்காலியிலும் அமர வேண்டியிருந்தது. கால் தொங்க அமர்ந்தவுடன் கிமோனோவின் முன்மடிப்பு விலகலாயிற்று. நாணத்தால் மாணவியர் சிலர், ஆடவர் அணியும் ஹகாமா என்னும் அகன்ற காற்சட்டையைக் கிமோனோவின்மேல் உடுத்துப் பள்ளிக்கு வந்தனர். பெண் ஆணுடை உடுப்பதா என்று பலர் கடிந்தனர்; அவ்வழக்கம் தடுக்கப்பட்டது. 1885-இல் உயர்குடி மகளிர்க்கெனப் பள்ளி ஒன்று தொடங்கப்பட்டது. அதில் ஆசிரியையாக விளங்கிய ஷிமோதா உத்தாகோ, காற்பிரிவு இல்லாத, பாவாடை போன்ற புதிய ஹகாமாவை வழக்கிற் கொணர்ந்தார் என்பர். மேலே பழைய கிமோனோ. கீழே மடிப்பு மடிப்பாக விரியும் ஹகாமா. அதனை உடுத்து நாற்காலியில் அமரலாம், விரைந்து நடக்கலாம், உடற்பயிற்சி செய்யலாம், வீடு திரும்பிப் பாயிலும் மண்டியிட்டு அமரலாம். இடையை இறுக்கும் கச்சு இல்லை; முதுகில் பெருமுடிச்சும் இல்லை. காலில் தோற்காலணி பூண்டு மிதிவண்டியில் சென்ற மாணவியரும் இருந்தனர்.

1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நாடெங்கும் மகளிர் பள்ளிகளில் அவ்வுடை பரவியது. அதன் நிறம் பெரும்பாலும் எபிச்சா எனப்படும் செம்பழுப்பு. ஊரார் அம்மாணவியர்க்கு 'எபிச்சா ஷிகிபு' என்று ஒரு பட்டப்பெயர் இட்டனர். கெஞ்சியின் கதையை இயற்றிய பழம்பெரும் புலவர் முராசாக்கி ஷிகிபு ஒரு பெண். முராசாக்கி என்பது ஊதா நிறத்தையும் குறிக்கும் சொல். ஊதாவை நீக்கிச் செம்பழுப்பை இட்ட சிலேடை இது. கேலி செய்ய எழுந்த பெயரே எனினும், பள்ளிப் பெண்ணைப் புலவர் வரிசையில் வைத்துவிட்டது.

1925-ஆம் ஆண்டு கோடையின் தொடக்கத்தில் தோக்கியோவின் கின்சாத் தெருவில் ஒருவர் தோழர்களுடன் நின்று, நடந்து செல்வோரின் உடைகளை எண்ணினார். கோன் வாஜிரோ என்னும் அவர் கட்டடக்கலைப் பேராசிரியர்; அதற்குமுன் நாட்டுப்புற உழவர் வீடுகளை ஊர் ஊராகச் சென்று வரைந்து ஆராய்ந்தவர். வீட்டை அளந்த கைகளே உடையை அளக்கப் புகுந்தது தற்செயலன்று. அவர் கண்ட கணக்கு வியப்பிற்குரியது. ஆடவருள் 100-க்கு 67 பேர் மேனாட்டு உடையில் இருந்தனர். பெண்டிருள் 100-க்கு ஒருவரே அவ்வாறு இருந்தார். நாட்டின் மிகப் புதுமையான தெருவில், மெய்ஜி ஆட்சி தொடங்கி 57 ஆண்டுகள் சென்ற பின்னும் நிலைமை இதுவே. அரசாணையாலும் பேரரசியின் அறிக்கையாலும் பெண்டிர் உடை மாறவில்லை. ஆடவர் நாளெல்லாம் நாற்காலியில் அமர்ந்து பணிபுரிந்தனர்; பெண்டிரிற் பெரும்பாலோர் நாளெல்லாம் பாய் விரித்த வீட்டிலேயே இருந்தனர். அவரவர் அமர்ந்த இடத்திற்கேற்பவே அவரவர் உடுத்தனர்.

அவ்வெண்ணிக்கைக்குச் சிறிது முன்னரே மற்றொரு மாற்றம் தொடங்கிவிட்டது. 1923-இல் நேர்ந்த பெரும் நிலநடுக்கத்தில் தோக்கியோவின் பெரும்பகுதி அழிந்தது. அதற்கு முன்பெல்லாம் பெரிய துணிக்கடைகளில் காலணியை வாயிலில் ஒப்படைத்துவிட்டே உட்செல்வர். மீண்டும் கட்டிய கடைகளில் காலணியுடனேயே நுழையலாம் என்ற முறை வந்தது. அலுவலகங்களிலும் கடைகளிலும் பேருந்துகளிலும் பெண்டிர் பணிபுரியலாயினர். பள்ளிகளில் மேனாட்டுச் சீருடை புகுந்தது. 1955-இல் அரசு நிறுவிய வீட்டுவசதிக் கழகம் அடுக்குமாடி இல்லங்களைக் கட்டியபொழுது, சமையலறையிலேயே மேசையும் நாற்காலியும் இட்டு உண்பதற்கு இடம் வகுத்தது. உண்ணும் அறையில் பாய் மறைந்தது. நாள்தோறும் உடுக்கும் கிமோனோவும் அக்காலத்திலேயே இழுப்பறைப் பெட்டிக்குள் ஒதுங்கலாயிற்று. இன்று அது திருமணத்திற்கும் தேநீர்ச் சடங்கிற்கும் பருவமெய்தும் விழாவிற்கும் உரியது.

நாற்காலியினின்று பிறந்த ஹகாமாவோ வேறு வகையில் நிலைத்தது. கல்லூரிப் படிப்பை முடிக்கும் நாளில் ஜப்பானிய மாணவியர் பலர் கிமோனோவின்மேல் ஹகாமா உடுத்துப் பட்டம் பெறச் செல்கின்றனர்; அதன்கீழே சிலர் தோற்காலணியும் பூணுகின்றனர். விழா முடிந்து வீடு திரும்பினால், அவ்வீடு பத்தாம் மாடியில் பைஞ்சுதையால் கட்டப்பட்டதாயினும், கதவைத் திறந்தவுடன் தாழ்ந்த சிறு வாயிலிடம் ஒன்று இருக்கின்றது. அங்கே குனிந்து காலணியைக் கழற்றி, நுனி வெளிப்புறம் நோக்கத் திருப்பி வைத்துவிட்டே உள்ளே ஏறுகின்றனர்.